நீ அங்கேயே இரு, செல்வி

அன்புள்ள செல்விக்கு,

மனநலச் சட்டத்தைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். பாதி புரிந்தது, மீதி உன் மாணவர்களுக்கே புரியுமோ என்னவோ. அது கிடக்கட்டும். உன் மாமா நேற்று வந்து மறுபடியும் அதே பாட்டு: சட்டம் படித்த பெண் பெங்களூரில் பாடம் நடத்திக்கொண்டு கிடக்கிறாளே, ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் பிராக்டீஸ் பண்ணியிருந்தால் இந்நேரம் வீடே கட்டியிருப்பாளே என்று. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களில் 28 பேர் செத்தபோது நம் மாவட்டமே ஆடிப்போனது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, பிறகு 2017 மனநலச் சட்டத்தின் 95-ஆவது பிரிவில் எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது என்று எழுதியும் வைத்தார்கள். அதற்கு அப்புறமும், நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பையனைக் கணுக்காலில் சங்கிலியோடு வார்டுக்குக் கூட்டி வந்தார்கள். தோல் உரிந்த இடத்தில் மஞ்சள் அப்பியிருந்தது, பூட்டுச் சாவி அவன் அம்மாவின் முந்தானை முடிச்சில். ரோட்டுக்கு ஓடிவிடுகிறான் சிஸ்டர், நான் கூலிக்குப் போகணுமே என்றாள். அவளிடம் போய் 95 பேசுவாயா?

அவளுக்கு வேண்டியது அதே சட்டத்தின் 18-ஆவது பிரிவு. மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசு மனநல வசதிகூட இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பார்த்துக்கொண்ட செலவை அரசுதான் ஏற்க வேண்டும் என்று அதில் இருக்கிறதே, அதை ஒரு வக்கீல் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. நீ வகுப்பில் 18-ஐ முடித்துவிட்டு 95-க்கு வா. உன்னிடம் படித்த யாராவது நாளைக்கு ஜட்ஜாகி, மனநோயாளிகளின் புகாரைக் கேட்கும் மறுஆய்வு வாரியத்தில் உட்காரும்போது, சங்கிலி போட்டவளைத் திட்டுவதற்கு முன்னால் கலெக்டரைக் கேள்வி கேட்பான். மாமா சொல்லும் வீட்டை அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாமே, எனக்குப் புத்தி தடுமாறினால் எனக்காகப் பேசும் ஆளாகக் கமலா அத்தை பேரை எழுதிவிட்டேன். கோபப்படாதே, நீ பஸ் ஏறி வந்து சேர ஒரு ராத்திரி ஆகும், அவளுக்குச் சுவர் தாண்டினால் போதும். அவள் சம்மதமும் எழுத்தில் வேண்டுமாம். அதை எப்படி எழுதுவது என்று போனில் சொல்.

அம்மா