பாரிஸைப் பெருக்குவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பாரிஸ் படங்களுக்கென்று நீங்கள் ஒதுக்கிய பன்னிரண்டு பக்கங்களையும் பார்த்தேன். படங்கள் பளிச்சென்று இருந்தன, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 14ஆம் பக்கத்துப் படத்துக்கு அடியில் ஒரு வரி: ‘பெருக்க ஆளில்லாமலே சுத்தமாக இருக்கும் தெருக்கள்!’ ஆச்சரியக்குறி உங்களுடையது.

ஐயா, அந்தத் தெருக்களில் ஆறு வருடம் விடியற்காலையில் நடந்தவன் நான். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. முதல் மெட்ரோவைப் பிடித்து வந்து இறங்கினால் மணி ஆறு. எனக்கு முன்னாலேயே பச்சை உடுப்புக்காரர்கள் வந்திருப்பார்கள். நடைபாதை ஓரத்துக் குழாயைத் திறந்துவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அது குடிநீர் இல்லை, தெரு கழுவுவதற்கென்றே தனிக் குழாயில் வருவது. பழைய கம்பளத் துண்டைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி வாய்க்காலில் போட்டிருப்பார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அந்தக் கம்பளச் சுருள்தான் முடிவு செய்யும். அப்புறம் விளக்குமாறு. நம் ஈர்க்குமாறு போலவேதான் இருக்கும், என்ன, பச்சை பிளாஸ்டிக்கில்.

பழைய கேமரா ஒன்று வாங்கி வைத்திருந்தேன். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து வந்த பச்சை உடுப்புக்காரர் ஒருவரிடம், ‘ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?’ என்று அரைகுறை பிரெஞ்சில் கேட்டேன். ‘முகம் வேண்டாம்’ என்றார். சரி என்று அவருடைய ரப்பர் பூட்ஸையும் கம்பளச் சுருளையும் மட்டும் எடுத்தேன். இன்றும் என் வீட்டுச் சுவரில் தொங்குவது அதுதான். ஈஃபிள் கோபுரம் இல்லை.

உங்களுக்குத் தெரியாததா? 1838-ல் புகைப்படக் கலையின் முன்னோடி தாகேர் அதே பாரிஸில் ஒரு பெருந்தெருவைப் படமெடுத்தார். ஒளி பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால், ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் நடந்துகொண்டிருந்த ஜனங்களும் படத் தட்டில் விழவே இல்லை. விழுந்தவர், ஓரமாக நின்று காலைத் தூக்கிக் கொடுத்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஒருவர். மனிதர் பதிவான முதல் புகைப்படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பாலிஷ் போட்டவரும் மங்கலாகத் தெரிகிறார். தாகேருக்கு வேறு வழி இல்லை, தெரு காலியாகத்தான் வந்தது. உங்கள் நிருபரின் கேமரா கண்ணிமைக்கும் நேரத்தில் பத்துப் படம் எடுக்குமே, அதில் எப்படி ஐயா தெரு காலியாயிற்று?

அத்ஜே என்றொருவர் பெரிய மரக் கேமராவைச் சுமந்துகொண்டு அந்த ஊரின் தெரு வியாபாரிகளையும் கந்தல் பொறுக்குகிறவர்களையும் தேடித்தேடி எடுத்தார். குப்பைத்தொட்டிக்கு பிரெஞ்சில் பெயரே பூபெல். வீட்டுக்கு வீடு தொட்டி வைக்க வேண்டும் என்று 1883-ல் உத்தரவு போட்ட அதிகாரியின் பெயர் அது. குப்பைக்கு இத்தனை சரித்திரம் உள்ள ஊரில் பெருக்க ஆளில்லையாம்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன செய்ய. சில வருடங்களுக்கு முன் பாரிஸின் லா ஷப்பெல் பகுதிப் பிள்ளையார் கோவில் தேரோட்டப் படங்கள் ஐந்தை உங்களுக்கு அனுப்பினேன். தெருவெல்லாம் குவியல் குவியலாகத் தேங்காய் உடைபடும். பிரெஞ்சுக்காரர்கள் மாடி ஜன்னலில் நின்று பார்ப்பார்கள், தேர் நகர்ந்ததும் அதே பச்சை உடுப்புக்காரர்கள் சிரட்டைகளை வாரிக்கொண்டு வருவார்கள். ‘வெளிநாட்டு வாசனை இல்லை’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. நன்றி. அதற்கு அடுத்த மாதம் லண்டன் சிறப்பிதழ் போட்டீர்கள், எட்டுப் பக்கத்தில் ஆறு சிவப்புப் பேருந்து. அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தில் பாராட்டிய முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள்.

போகட்டும். அட்டையில் இரவு நேரத்து ஈஃபிள் படம் போட்டிருக்கிறீர்கள். அந்த விளக்கு அலங்காரத்துக்குக் காப்புரிமை உண்டு, பத்திரிகையில் போட அனுமதி கேட்க வேண்டும். வாங்கியிருப்பீர்கள், எனக்கென்ன.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்த 14ஆம் பக்கப் படத்தின் இடது ஓரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். விரற்கடை அளவுக்குப் பச்சையாக ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது. செடி இல்லை, விளக்குமாற்றின் நுனி. பிடித்திருந்தவரைப் பக்க வடிவமைப்பில் வெட்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். வெட்டாத படத்தை அடுத்த இதழில், சிறிதாகவாவது, ஒருமுறை வெளியிடுங்கள். அடியில் எந்த வரியும் வேண்டாம்.

இப்படிக்கு,
முழுக் கடிதமும் வெளிவரும் என்று எதிர்பார்க்காத
உங்கள் நீண்ட நாள் வாசகன்