மிர்-451ஏ ஏறியிருந்தால் முதலில் குழாயைப் பார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அட்டவணையை இரண்டு முறை படித்தேன். மனச்சோர்வு உள்ளவர்களின் பிளாஸ்மாவில், அதாவது அணுக்களை நீக்கிய இரத்த நீர்மத்தில், மிர்-451ஏ, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்களும் மும்மடங்கு ஏறியிருப்பதாக எழுதியிருக்கிறாய். உன் உற்சாகம் புரிகிறதம்மா. ஆனால் இந்த இரண்டும் சேர்ந்து ஏறினால் எனக்கு முதலில் தோன்றுவது நோய் அல்ல, உடைந்த சிவப்பணுக்கள். இரண்டுமே சிவப்பணுவுக்குள் மண்டிக் கிடப்பவை.

மும்மடங்கு என்பதே என்னை யோசிக்க வைக்கிறது. மைக்ரோ ஆர்என்ஏ என்பது மரபணுக்களை அடக்கும் ஒரு குட்டி ஆர்என்ஏ, ஏறத்தாழ 22 எழுத்து நீளம். அதில் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகள்தான், அதாவது விதைப்பகுதிதான், புரதம் செய்யும் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவின் வால்பகுதியைப் போய்ப் பிடிக்கின்றன. பிடித்தாலும் அந்தப் புரதம் நின்றுபோவதில்லை, பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகவே குறைகிறது. ஆனால் ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களை இப்படி லேசாக அழுத்துகிறது. மூளையில் அதன் வலிமை அந்தச் சின்ன அழுத்தங்கள் சேர்வதில்தான் இருக்கிறது. மிர்-134 நரம்பணுவின் முள்முனைகளை (மற்ற நரம்பணுக்களோடு இணையும் சிறு முட்களை) சிறிதாக வைத்திருப்பது லிம்கே1 புரதத்தை அடக்குவதால்; 2006இல் எலி நரம்பணுக்களில் காட்டினார்கள். மிர்-137 மரபணுவுக்கு அருகிலுள்ள மாறுபாடு மனச்சிதைவோடு சேர்ந்து வருவது 2011இல் தெரிந்தது. ஆனால் தனிமனிதர் ஒருவருக்கு அது கூட்டும் அபாயம் மிகச் சிறியது. 22ஆம் குரோமோசோமில் 22க்யூ11.2 என்ற பகுதியை இழந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது; மைக்ரோ ஆர்என்ஏவை வெட்டி உருவாக்க உதவும் டிஜிசிஆர்8 மரபணு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆனாலும் கூடவே பல மரபணுக்கள் போய்விடுவதால் பழியை முழுவதும் அதன்மேல் போட முடியாது.

உண்மையான மாற்றம் இவ்வளவு மெல்லியது என்றால், இரத்தம் எடுத்த கையின் பிழை அதை எளிதாக மூழ்கடித்துவிடும். ஆகவே முதல் வேலை: ஒவ்வொரு மாதிரிக்கும், சிவப்பணு உடைந்தாலும் அதிகம் மாறாத மிர்-23ஏ-3பியின் சிக்யூவிலிருந்து (பிசிஆரில் எத்தனையாவது சுற்றில் தெரிகிறது என்ற எண்; அளவு கூடினால் எண் குறையும்) மிர்-451ஏயின் சிக்யூவைக் கழி. 5க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 7ஐத் தாண்டினால் அந்த மாதிரியை ஒதுக்கு. இடைப்பட்டவற்றைக் குறித்து வை. சிவப்பணுவிலிருந்து கசிந்த ஹீமோகுளோபினைக் காட்டும் 414 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலும் பார். கண்ணுக்கு இளஞ்சிவப்பாகத் தெரியாத பிளாஸ்மாவிலும் சிவப்பணுச் சிதைவு இருக்கலாம்.

இனி எடுக்கும் மாதிரிகளுக்கு, இரத்தம் கட்டாமல் தடுக்க ஈடிடிஏ சேர்த்த குழாய் மட்டும். ஹெப்பாரின் வேண்டாம், மைக்ரோ ஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆரையே அது தடுத்துவிடும். எல்லா மாதிரிகளிலும் பிளாஸ்மாவை ஒரே கால இடைவெளியில், இரண்டு மணி நேரத்துக்குள் பிரி. 2,500 ஜி (புவியீர்ப்பைப் போல் 2,500 மடங்கு) விசையில் 15 நிமிடம் சுழற்று. அடியில் படியும் அணு அடுக்குக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டுவிட்டு எடு. இன்னொரு முறை அதேபோல் சுழற்று. இரண்டாம் சுழற்சியைச் சோம்பலில் விடாதே. தட்டணுக்கள் தங்கிவிட்டால், மாதிரியைக் குளிரில் உறைய வைக்கும்போது உடைந்து தங்கள் மைக்ரோ ஆர்என்ஏவைக் கொட்டிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை.

புழுவின் மிர்-39ஐ அளவுகோலாகச் சேர்க்கிறாய் அல்லவா, அதை, நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் சிதைப்புக் கரைசல் ஊற்றிய பிறகே சேர். பிளாஸ்மாவில் நேராகப் போட்டால் அங்குள்ள நொதிகள் நொடியில் தின்றுவிடும். மற்ற அளவுகளை ஒப்பிட நிலையான அடிப்படையாக யூ6 என்ற ஆர்என்ஏ வேண்டாம். அது மைக்ரோ ஆர்என்ஏவே அல்ல, பிளாஸ்மாவில் நிலைப்பதும் இல்லை. மிர்-16ஐ ஒப்பீடாக வைத்தால் சிவப்பணுச் சிதைவு எல்லா எண்களையும் கோணலாக்கும். உன் மாதிரிகளில் எது நிலையாக இருக்கிறது என்று பார்த்து இரண்டு மூன்றைச் சேர்த்து வை.

மருந்தையும் மறக்காதே. மனநிலையைச் சமன்படுத்தத் தரும் லித்தியமும் வால்ப்ரோயேட்டும் எலி மூளையில் மைக்ரோ ஆர்என்ஏ அளவுகளை மாற்றுகின்றன. மருந்து எடுக்கும் நோயாளிகளை மருந்தே எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், நீ அளப்பது நோயா மாத்திரையா என்று தெரியாது. புகைபிடித்தல், முந்தைய நாள் உடற்பயிற்சி, இரத்தம் எடுத்த நேரம் மூன்றையும் படிவத்தில் சேர்.

2,600 மைக்ரோ ஆர்என்ஏக்களை 0.05 வரம்பில் (நூற்றில் ஐந்து தற்செயலாகத் தேறும் வரம்பில்) சோதித்தால் தற்செயலாகவே 130 தேறிவிடும். இத்தனை சோதனைகளுக்கும் சேர்த்துத் திருத்தாத எண்ணை யாரிடமும் காட்டாதே. இலக்கு மரபணு என்று மென்பொருள் சொன்னதும் நம்பிவிடாதே. மரபணு அடங்கினால் ஒளி மங்கும் லூசிஃபெரேஸ் சோதனையில் விதைப்பகுதி சேருமிடத்தை மாற்றியெழுதி, அடக்குதல் நீங்குகிறதா பார்.

நோயாளிகளோ குடும்பத்தாரோ கேட்டால், இன்று மனநோயைக் கண்டறிய எந்த மைக்ரோ ஆர்என்ஏ பரிசோதனையும் வழக்கத்தில் இல்லை என்றே சொல். அவர்கள் நம்பிக்கையோடு கேட்பார்கள், அதனால்தான் வலியுறுத்துகிறேன்.

மிர்-23ஏ, மிர்-451ஏ சிக்யூ மதிப்புகளை மாதிரிவாரியாக அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா