காரின் பேச்சு யார் காதில் விழுகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கார்கள் ஒன்றோடொன்று ரேடியோவில் பேசிக்கொண்டால் விபத்து குறையும் என்று அடிக்கடி செய்தி வருகிறது. குறையும்தான். முன்னால் போகும் லாரிக்கும் முன்னால் ஒருவர் சடன் பிரேக் போட்டால், நம் கண்ணுக்குத் தெரியும் முன்பே டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்துவிடும். அந்தப் பேச்சு இன்னும் யார் யார் காதில் விழும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அமெரிக்கத் தரப்படி இத்தகைய கார் நொடிக்கு 10 முறை தன் இருப்பிடம், வேகம், திசை, பிரேக் நிலை ஆகியவற்றை 5.9 கிகாஹெர்ட்ஸில் அறிவிக்கும். சுமார் 300 மீட்டருக்குள் ரிசீவர் வைத்திருக்கும் யாரும் படிக்கலாம். பிறர் படிக்க முடியாத குறியீடாக்கிப் பூட்டுப் போட்டு அனுப்ப வழியில்லை; முன்பின் தெரியாத காரும் உடனே படித்தால்தான் பிரேக் போட நேரம் கிடைக்கும். பொய்த் தகவலைத் தடுக்க ஒவ்வொரு செய்தியிலும் டிஜிட்டல் கையெழுத்து உண்டு. சிக்கலே அங்கேதான். கையெழுத்து உண்மையானது என்று உறுதிசெய்யும் சான்றிதழும் கூடவே போகும்; ஒரே சான்றிதழில் ஆயுள் முழுக்கக் கையெழுத்துப் போட்டால், அது காற்றில் பறக்கும் நம்பர் பிளேட்.

அதனால் அங்கே காருக்கு வாரத்துக்கு 20 புனைபெயர்ச் சான்றிதழ்கள் என்று வகுத்தார்கள்; சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். சான்றிதழ் தரும் அமைப்புக்கு அது எந்தக் காருக்குப் போகிறது என்று தெரியாது. காரை அறிந்த அமைப்புக்குச் சான்றிதழின் உள்ளடக்கம் தெரியாது. பொய் சொல்லும் காரை விலக்க, வேறு இரண்டு அமைப்புகள் ஆளுக்குப் பாதியாக வைத்திருக்கும் விவரத்தைச் சேர்க்க வேண்டும். காகிதத்தில் அருமையான ஏற்பாடு.

கோட்டை விடுவது வண்டியில் பொருத்தும்போது. சான்றிதழ் மாறும் அதே கணத்தில் ரேடியோ கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரி, தற்காலிக அடையாள எண், செய்தி வரிசை எண் எல்லாம் மாற வேண்டும். 57-க்குப் பிறகு 58 என்று வரிசை தொடர்ந்தால் புதுப் பெயர் வீண். கடந்துவந்த பாதையின் புள்ளிகளும் செய்தியோடு போகும். அதை அழிக்காவிட்டால் பழைய பெயரில் போன வழியைப் புதுப் பெயரே ஒப்பித்துவிடும். வண்டியின் நீள அகலம் சென்டிமீட்டர் கணக்கில் போகிறது. அதை 20 சென்டிமீட்டர் படிகளாக்கினால் பல கார்கள் ஒன்றுபோலத் தெரியும்.

இத்தனையும் மாறினாலும் ஆளில்லாத சாலையில் பயனில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் கார் 0.1 நொடியில் 1.67 மீட்டர் நகரும். பழைய பெயர் மறைந்த இடத்திலிருந்து சரியாக அந்தத் தூரத்தில் புதுப் பெயர் முளைத்தால், யார் என்று சொல்லவும் வேண்டுமா? நெரிசலில் மாற்றி, சில நொடி வாய்மூடி இருந்தால் தடம் அறுபடும். ஆனால் எச்சரிக்கை மிகவும் தேவைப்படுவதும் நெரிசலான சந்திப்புகளில்தான். எனவே காரும் அதன் பின்வண்டியும் நகராமல் நிற்கும்போது மட்டுமே இந்த மௌனம் சரி. வீட்டு வாசலில் கிளம்பும்போது ஒரு மாற்றம், தெரு தாண்டியபின் எதேச்சையான தூரத்தில் இன்னொன்று வேண்டும். கடிகாரம்போல மாற்றினால் அந்த ஒழுங்கே காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு பாடுபட்ட பிறகு டயர் வாய் திறந்துவிடுகிறது என்பது வேடிக்கை. சக்கரத்துக்குள் இருக்கும் காற்றழுத்த சென்சார்கள் மாறாத 32 பிட் எண்ணைப் பூட்டில்லாமல் ஒலிபரப்புவதையும், அதை 40 மீட்டர் தள்ளியிருந்து படிக்க முடிவதையும் அமெரிக்காவின் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-லேயே காட்டிவிட்டார்கள்.

ரேடியோவைவிடப் பெரிய ஓட்டை, காரின் தகவலை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்ப அதற்குள் இருக்கும் சிம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்கார்களின் தகவல் இணையத்தில் திறந்து கிடந்தது 2024 டிசம்பரில் வெளிவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 3 நொடிக்கு ஒருமுறைவரை இருப்பிடம் சேகரித்து, முறையான ஒப்புதலின்றி விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றம்சாட்டியது. நம் வாசகர்களுக்கு உடனடியாகப் பயன்படுவது ஒன்று: பழைய கார் வாங்கினால் திரையில் ஃபேக்டரி ரீசெட் செய்வதோடு விடாதீர்கள். முந்தைய உரிமையாளரின் கணக்கு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். அதை நீக்காதவரை அவர் செல்போன் செயலியில் உங்கள் கார் நிற்கும் இடம் தெரியக்கூடும். நீக்கியதற்கு ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள்.

இந்தியாவில் பேருந்து, டாக்ஸிகளுக்கு ஏஐஎஸ் 140 என்ற வாகனத் தரப்படி இருப்பிடக் கருவி ஏற்கெனவே கட்டாயம். கார்கள் பேசிக்கொள்வதற்கான தரத்தை எழுதும்போது, ஒப்புதல் சோதனையில் இதையும் சேர்க்க வேண்டும்: ஓடும் வண்டியின் செய்திகளை ரிசீவரில் 30 நிமிடம் பதிவுசெய்து, பெயர் மாறிய ஒவ்வோர் இடத்திலும் முன்செய்தியையும் பின்செய்தியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கட்டும். அடையாளம் காட்டும் எண் ஒன்று மாறாமல் தங்கியிருந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பட்டும்.

- வாகன மின்னணுப் பொறியாளர்கள் சிலர், ஒரகடம்