இரண்டு பார்சலுக்கு நாலரை லட்சம்

அன்புள்ள சேகர்,

உன் பழைய நிரலுக்கு டைப் குறிப்பு, அதாவது எது எண், எது எழுத்து என்கிற வகைக் குறிப்பு, சேர்க்கலாமா என்று கேட்ட உன் கடிதம் பொங்கலுக்கு வந்தது. பதில் ஆடியில் போகிறது. திட்டிக்கொள். ஆனால் நம் தாடி வாத்தியாரின் காதில் விழாமல் திட்டு, அவர் ஒருவர்தான் இன்னும் என்னை ஒழுங்கானவன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது டிவி சீரியலில் வருகிறவர்களின் நகைகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே எடை போடுகிறார். சின்னவள் பத்தாம் வகுப்பு. வீட்டில் அமைதி என்பதே கிடையாது. மற்றபடி நலம்.

எழுத உட்கார வைத்தது ஒரு பில். எங்கள் தளத்தில் ஒரு வாடிக்கையாளர் இரண்டு பார்சல் அனுப்பப் போனார். அனுப்புக் கட்டணம் 4,50,450 ரூபாய் என்று காட்டியது. ஒரு பார்சலுக்கு 450 ரூபாய்தான். உனக்கு இந்நேரம் விளங்கியிருக்கும், நீ சிரிப்பதும் எனக்குக் கேட்கிறது. எங்கள் நிரல் கட்டணத்தைக் கேட்டு வாங்குகிற வாசலான கூரியர் நிறுவனத்தின் ஏபிஐ அதுவரை எண்ணாக அனுப்பிக்கொண்டிருந்த கட்டணத்தை, சொல்லாமல் கொள்ளாமல் மேற்கோள் குறிக்குள் போட்டு அனுப்பத் தொடங்கிவிட்டது. மேற்கோளுக்குள் இருப்பது எண் அல்ல, ஸ்ட்ரிங், வெறும் எழுத்துச் சரம். ஸ்ட்ரிங்கை இரண்டால் பெருக்கச் சொன்னால் நாங்கள் எழுதும் பைத்தான் மொழி அதை இரண்டு முறை எழுதித் தரும். மூன்று பார்சலாக இருந்திருந்தால் 45 கோடியைத் தாண்டியிருக்கும்.

இதில் என் வயிற்றெரிச்சல் வேறு. பில் போடும் அந்த ஃபங்ஷனில், அதாவது நிரல் துண்டில், கட்டணத்தின் டைப் ‘இன்ட்’ (முழு எண்) என்றே எழுதியிருந்தது. டைப் பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் கருவியான மைபை முழுவதையும் பார்த்துவிட்டுக் குறை எதுவும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்திருந்தது. அணியில் இருக்கிற பையன்கள், ‘டைப் போட்டிருக்கிறோமே சார், எப்படி நடந்தது?’ என்று என்னைக் கேட்கிறார்கள். ஹாஸ்டல் காலத்தில் நீ சொன்னது நினைவுக்கு வந்தது: ‘தன்மேல் நம்பிக்கை இல்லாதவனுக்குத்தான் டைப்.’ அப்படிச் சொன்ன நீயே இப்போது பைத்தானின் ஜாங்கோ சட்டகத்தில் எழுதிய உன் மூட்டைக்கு டைப் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். காலம் செய்த கோலம்!

சேர்க்கலாம், கட்டாயம் சேர். ஆனால் முதல் முறை மைபையை ஓட்டியதும் எல்லாம் சரி என்று வரும்; அதை நம்பிக் கேசரி கிண்டச் சொல்லாதே. டைப் எழுதப்படாத ஃபங்ஷனின் உள்ளே அது இயல்பாக எட்டியே பார்க்காது. பார்க்கச் சொல்லித் தனியாக ஓர் அமைப்பை இயக்க வேண்டும். இயக்கிய பிறகுதான் வேடிக்கை. எங்களுக்குக் கொட்டியதில் முக்கால்வாசி ஒரே ரகம். வாடிக்கையாளரைத் தேடித் தரும் ஃபங்ஷன் சில நேரம் ‘நன்’, அதாவது ‘ஒன்றும் இல்லை’, என்று கொடுக்கும். வாங்குகிறவன் அதைக் கேட்டுக்கொள்ளாமல் அடுத்த வரியிலேயே மின்னஞ்சல் முகவரியை உருவப் போயிருப்பான். ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை எங்கள் நிறுவனத்தில் யாருமே முடிவு செய்திருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சிலர் பிழை என்றார்கள், சிலர் விருந்தினர் கணக்கு என்றார்கள். கணினியில் தொடங்கிய வேலை கூட்ட அறையில் போய் நின்றது. எனக்கு டைப் மேல் காதல் வந்ததே அந்த அறையில்தான்.

இது ஏதோ நேற்று முளைத்த மோகமும் இல்லை. யூக்கா லெஹ்தோசாலோ கேம்பிரிட்ஜில் முனைவர் ஆய்வின்போது தொடங்கிய வேலை மைபை. முதலில் தனி மொழியாகவே யோசித்தார். பைத்தானின் இலக்கணத்துக்குள்ளேயே செய்யலாமே என்று பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம் 2013இல் அவரிடம் சொன்னார். 2015இல் பைத்தான் 3.5 வந்தபோது டைப் குறிப்புகளுக்கு முறையான இடம் கிடைத்தது. டிராப்பாக்ஸ் 2019இல் 40 லட்சம் வரிகளை இப்படிச் சோதிப்பதாக எழுதியது. ரூபி மொழிக்கு ஸ்ட்ரைப் நிறுவனம் கொடுத்த சார்பெட், பிஎச்பி மொழிக்கு ஃபேஸ்புக் செய்த ஹாக் என்று எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஜாவாஸ்கிரிப்டுக்கு டைப் கொடுத்த டைப்ஸ்கிரிப்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, 4,50,450க்கு வருகிறேன். பைத்தானில் டைப் என்பது ஓடுவதற்கு முன் சரிபார்ப்பவர் படிக்கிற குறிப்பு. ஓடும்போது பைத்தான் அதை ஏறெடுத்தும் பார்க்காது. வெளியிலிருந்து தரவு வரும் வடிவமான ஜேசனைப் பிரித்தால் கிடைப்பதன் டைப் ‘எனி’, எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள். கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டார் இவரை மாப்பிள்ளை வீடு என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்றும் நினைக்க, பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவாரே ஒருவர், அவர்தான் எனி. ‘இன்ட்’ கேட்கும் இடத்திலும் நுழைவார், ஸ்ட்ரிங் கேட்கும் இடத்திலும் நுழைவார். மைபை வணக்கம் சொல்லி அனுப்பும். உள்ளே நாங்கள் எழுதியதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது உண்மை. வாசலில் வந்தது என்ன என்பதை யாரும் திறந்து பார்க்கவில்லை. வலை ஏபிஐ என்பதே முழுக்க முழுக்க வாசல் அல்லவா?

ஆகவே வாசலில், வருகிற தரவைச் சோதிக்கும் பைடான்டிக் மாதிரி ஒரு நூலகத்தை உட்கார வை. ஏபிஐ எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ சட்டகம் அதன் மேல்தான் நிற்கிறது. ஜாங்கோவிலும் தனியாகப் பயன்படுத்தலாம். நீ எழுதிய அதே டைப்பை வைத்துக்கொண்டு ஓடும்போது நிஜமாகவே சோதிக்கும். இங்கேதான் எங்கள் அணியில் இருக்கிற பாலாவோடு எனக்குச் சண்டை. இயல்பு நிலையில் அது ‘450’ என்ற ஸ்ட்ரிங்கைப் பார்த்தால் சத்தமில்லாமல் எண்ணாக்கிவிடும். ‘பில் சரியாக வந்திருக்குமே, அதுவே போதும்’ என்கிறான் பாலா. பணம் வரும் இடத்தில், எண்ணாக வராவிட்டால் பிழை சொல்லும் கண்டிப்பு முறையில்தான் வைப்பேன், வேலை நின்றால் நிற்கட்டும் என்கிறேன் நான். கட்டணம் நாளைக்கு ‘450.50’ என்று வந்தால் ‘இன்ட்’ அதை எப்படியும் ஏற்காது. அன்றைக்கும் வேலை நிற்கத்தான் போகிறது. கூரியர்காரர்கள் ஸ்ட்ரிங்குக்கு மாறியதே பைசாவுக்காக இருக்கலாம். பணத்தை ஸ்ட்ரிங்காக அனுப்பி டெசிமலாக, அதாவது துல்லியமான தசம எண்ணாக, வாங்குவது நல்ல பழக்கம்தான், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்! இந்த வழக்கில் நீ யார் பக்கம் என்று எழுது. பாலா பக்கம் என்றால் எழுதாதே.

பழைய பைடான்டிக்கிலிருந்து இரண்டாம் பதிப்புக்கு மாறினால் ஓர் இடத்தில் கவனம். ‘ஆப்ஷனல்’ (‘நன்’ ஆகவும் இருக்கலாம்) என்று மட்டும் எழுதிய புலத்தை முன்பு அனுப்பாமலே விடலாம். இப்போது ‘நன்’ என்றாவது அனுப்பியே ஆக வேண்டும். வேண்டாமென்றால் இயல்பு மதிப்பையும் சேர்த்து எழுத வேண்டும். எங்கள் மொபைல் செயலி பாதி நாள் இதனால் முடங்கியது.

எனக்கு உண்மையில் கவலை வேறு. பையன்கள் மைபையின் சிவப்பு வரி வந்தால், ‘இந்த வரியை விட்டுவிடு’ என்று மைபைக்குச் சொல்லும் ‘டைப் இக்னோர்’ என்று ஒரு குறிப்பை ஒட்டிவிட்டு நகர்கிறார்கள். பச்சை வந்துவிட்டால் சோதனை எழுதுவதையும் விட்டுவிடுகிறார்கள். திருத்தப்பட்ட 400 ஜாவாஸ்கிரிப்ட் பிழைகளை எடுத்து, டைப் இருந்திருந்தால் எத்தனை முன்பே பிடிபட்டிருக்கும் என்று 2017இல் ஓர் ஆய்வு பார்த்தது. விடை 15 சதவீதம். நான் அதை இலவசமாகக் கிடைத்த 15 என்று பார்க்கிறேன், பையன்கள் மீதி 85ஐயும் சேர்த்துக் கழுவிவிட்டதாக நினைக்கிறார்கள். தர்க்கம் தப்பாக இருந்தால் டைப் என்ன செய்யும்? தள்ளுபடியைக் கழிப்பதற்குப் பதில் கூட்டினாலும் அது ‘இன்ட்’தான்.

உன் நிரலில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடாதே. பணமும் வெளி ஏபிஐயும் உள்ள கோப்புகளில் தொடங்கு. புதிதாக எழுதுவதற்கு மட்டும் டைப் கட்டாயம் என்று வை. பழையதை யாராவது தொடும்போது தொட்டவனே போடட்டும். அந்த இரண்டாயிரம் வரிக் கோப்பு, நீ ‘யூட்டில்ஸ்’ என்று பெயர் வைத்து எல்லாவற்றையும் கொட்டினாயே, அது இன்னும் உயிரோடு இருந்தால் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை மைபையை விட்டுப் பார்க்கிறேன். விழுகிற பிழைகளைத் தாடிக்கும் ஒரு பிரதி அனுப்பிவைப்பேன்.

அன்புடன்,
ரகு

பி.கு.: கோபியின் கல்யாணத்துக்கு நீ வருகிறாயா இல்லையா? ‘பார்க்கலாம்’ என்று எழுதாதே. ஆம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்று. ரயில் டிக்கெட் போட வேண்டும்.