கோப்பைப் பார்க்கும் முன் வகுப்பில் வந்து உட்காருங்கள்

நீலகிரி மாவட்டத்தில் நல்லாசிரியர் விருதுக்குப் பெயர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் குழுவினருக்கு,

வணக்கம்.

ஊட்டியில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் சின்னக் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். செப்டம்பர் 5-க்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே ஆசிரியர்கள் துணிப்பையோடு கடைக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். பை நிறைய போட்டோ, சான்றிதழ், பத்திரிகையில் வந்த செய்தி. அவற்றை ஸ்கேன் செய்வது, வரிசைப்படுத்துவது, ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி டைப் அடிப்பது, கடைசியில் ஸ்பைரல் போட்டுக் கொடுப்பது எல்லாம் என் வேலை. உங்கள் மேஜைக்கு வரும் கோப்புகளில் சில என் கை பட்டவை. அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோப்பு கொண்டுவரும் ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. சொந்தக் காசில் ஸ்மார்ட் போர்டு வாங்கி வைத்தவர்கள், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தவர்கள் அவர்களில் உண்டு. விருது கிடைத்த செய்தியை ஒருவர் கடைக்கே வந்து சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. என் கவலை கோப்பு போடாதவர்களைப் பற்றியது. அதிலும் குறிப்பாக ஒருவரைப் பற்றியது.

முத்தோரைக்குப் போகும் வழியில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் படித்தேன். அப்பா அம்மா இருவரும் கேரட் தோட்டத்தில் கூலி வேலை. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் அறிவியல் எடுத்தவர் ஒரே டீச்சர்தான். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

நான் ஏழாவது படிக்கும்போது ஒரு நாள் எங்களையெல்லாம் சத்துணவுக் கூடத்துக்கு அழைத்துப் போனார். ஆயாம்மாவிடம் கேட்டு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். பள்ளியில் இருந்தது ஒரே ஒரு தர்மாமீட்டர். அதை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டுவிட்டு, ஆளுக்கொரு முறை வந்து படித்துச் சொல்லச் சொன்னார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பாதரசம் 93-க்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. விறகைத் தள்ளிப் பார்த்தோம். மேலே ஏறவே இல்லை. புத்தகத்திலோ 100 என்று போட்டிருக்கிறது.

"தர்மாமீட்டர் கெட்டுப்போச்சு டீச்சர்" என்றான் ஒரு பையன்.

"கெட்டுப்போகலைடா. இதையே மேட்டுப்பாளையத்துல வச்சுப் பார்த்தா 99 கிட்ட காட்டும். ஏன்னு நாளைக்கு யோசிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி வீட்டில் அதே பேச்சுதான். சமவெளியிலிருந்து வந்த என் பாட்டி, "இந்த ஊர்த் தண்ணியில பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று வருடக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தவர். மறுநாள் டீச்சர் பாட்டியின் புலம்பலை வைத்தே பாடத்தைத் தொடங்கினார். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். அப்படிக் கொதிக்கும் தண்ணீரில் சூடு குறைவாக இருப்பதால் பருப்பு வேக நேரமாகிறது. குக்கரில் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டினால் வெந்துவிடும். தண்ணீர் மேல் ஒரு குற்றமும் இல்லை. பரீட்சையில் என்ன எழுதுவது என்று கேட்டோம். "கடல் மட்டத்தில் 100 டிகிரி" என்று எழுதச் சொன்னார். "கடல் மட்டத்தில்" என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனையும் செய்தார். மார்க்குக்கு அந்தச் சொல் தேவையே இல்லை, 100 என்று எழுதினாலே முழு மார்க் கிடைத்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முத்தோரை ரேடியோ தொலைநோக்கியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-லிருந்து வேலை செய்கிறது. நாங்கள் தினமும் பார்த்து வளர்ந்ததுதான், ஆனால் அது ஏன் சமதளத்தில் இல்லாமல் மலைச்சரிவில் படுத்திருக்கிறது என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. டீச்சர் பாகைமானியில் நூல் கட்டி, நூல் முனையில் கல் கட்டி, ஒரு ஜனவரி மாதம் எங்களைத் துருவ நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது என்று அளந்து வரச் சொன்னார். அந்தக் குளிரில் அப்பா கம்பளியோடு என் பக்கத்தில் நின்றார். ஒருத்தி 9 என்றாள், ஒருவன் 14 என்றான். எல்லாவற்றையும் போர்டில் எழுதிச் சராசரி போட்டபோது 11-க்கும் 12-க்கும் நடுவில் வந்தது. துருவ நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, அதுதான் ஏறக்குறைய எங்கள் ஊரின் அட்சரேகை. அதே 11 டிகிரிச் சாய்வு உள்ள சரிவைத் தேடிப் பிடித்துத்தான் வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப்பும் அவரோடு இருந்தவர்களும் அந்தத் தொலைநோக்கியைக் கட்டினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது. ஒரே பக்கமாகச் சுழற்றிக்கொண்டே போனால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். இதை விளக்கிச் சொன்ன பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது எங்கள் வீட்டுப் பொருள் மாதிரி தோன்றியது.

இதில் எதற்காவது போட்டோ இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. தர்மாமீட்டரைப் பிடித்திருந்த கையால் போட்டோ எடுக்க முடியாது.

நான் கடை போட்ட பிறகு, அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், வற்புறுத்தி ஒரு சனிக்கிழமை கடைக்கு வரவழைத்தேன். விண்ணப்பத்தை நானே நிரப்புகிறேன், சான்றுகளை மட்டும் கொண்டுவாருங்கள் என்றேன். அவர் கொண்டுவந்தது ஐந்தாறு நீள நோட்டுகள், அவ்வளவுதான். மழை நோட்டுகள்.

2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நடந்த மண்சரிவுகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து அவர் பிள்ளைகளை வைத்துத் தினமும் மழையை அளக்கத் தொடங்கியிருக்கிறார். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் போலச் செருகி, அடியில் கூழாங்கல் போட்டு, வெளியே ஒட்டிய ஸ்கேலின் பூஜ்யம் வரை தண்ணீர் ஊற்றி வைப்பது. காலை 9 மணிக்கு ஒரு பிள்ளை அளக்கும், இன்னொரு பிள்ளை சரிபார்க்கும். இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். முதல் நோட்டின் அட்டைக்குள் பக்கத்தில் டீச்சர் எழுதியிருந்தார்: "1 மில்லிமீட்டர் மழை = 1 சதுர மீட்டருக்கு 1 லிட்டர்."

நான் 2019 ஆகஸ்டைத் தேடிப் பார்த்தேன். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய வாரம் அது. டீச்சரின் கணக்கில் சொன்னால் ஒரு சதுர மீட்டர் மண்ணில் 800 லிட்டர் தண்ணீர். அந்த வாரம் பள்ளிக்கு விடுமுறை. பள்ளியை ஒட்டிய வீட்டுப் பையன் ஒருவன்தான் அளக்கப் போயிருக்கிறான். தேதிக்கு எதிரே கோணலான எழுத்தில் இப்படி இருந்தது: "பாட்டில் நிரம்பி வழிந்தது. அளக்க முடியவில்லை." அதன் கீழே டீச்சர் சிவப்பு மையில் "மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது படிக்கும் பையன் நினைத்திருந்தால் ஏதாவது ஓர் எண்ணைப் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. தெரியாததை எண்ணாக எழுதக்கூடாது என்று அவனுக்கு ஒருவர் கற்றுக்கொடுத்திருக்கிறார். அறிவியல் டீச்சருக்கு விருது கொடுக்க இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அந்த நோட்டுகளை இணைத்துத்தான் கோப்பைத் தயார் செய்தேன். சரிபார்த்த ஒருவர், "இதெல்லாம் சான்றாகாது. நிகழ்ச்சி போட்டோ இருக்கா? பேப்பர்ல வந்திருக்கா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொரு முறை முயற்சி செய்யலாம் என்றேன். "பரவாயில்லம்மா, திங்கட்கிழமை ஆறாம் வகுப்புக்கு டெஸ்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டு, நோட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அடுத்த வருடம் ஓய்வு பெற்றார்.

மாநில அரசின் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருதுக்கு, அதாவது இந்த நல்லாசிரியர் விருதுக்கு, பத்தாயிரம் ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் தருகிறார்கள். 1958-லிருந்து கொடுக்கப்படும் தேசிய விருதுக்கு ஐம்பதாயிரம். 2018-ல் தேசிய விருதுக்கு ஆசிரியர்கள் தாங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம் என்று ஆக்கினார்கள். அதன் நோக்கம் நல்லது என்றே நினைக்கிறேன். யாருடைய தயவும் இல்லாமல் எந்த மலைக்கிராமத்து ஆசிரியரும் தன் பெயரை முன்வைக்க முடியும். ஆனால் தன்னைப் பற்றித் தானே எழுதக் கூச்சப்படுகிறவர்கள் இதில் விடுபட்டுப் போகிறார்கள். என் அனுபவத்தில் நல்ல அறிவியல் ஆசிரியர்களில் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் அறிவியல், கணித ஆசிரியர்களுக்கென்றே 1983-லிருந்து ஜனாதிபதி விருது ஒன்று இருக்கிறது. அதற்கு ஓர் ஆசிரியரின் பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பெற்றோர் சொல்லலாம், படித்த மாணவர் சொல்லலாம். அதன் பிறகு அந்த ஆசிரியர் தாம் நடத்திய ஒரு பாடத்தின் வீடியோவை அனுப்ப வேண்டும். வகுப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முடிவு செய்கிறார்கள். நமக்கு வீடியோகூடத் தேவையில்லை, நம்முடையது சின்ன மாவட்டம். ஊட்டியிலிருந்து காலையில் ஜீப்பில் கிளம்பினால் எந்தப் பள்ளிக்கும் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். ஆசிரியரின் பெயரைச் சொல்லும் உரிமையை எங்களுக்கும் கொடுங்கள், பழைய மாணவர்களுக்கும் பெற்றோருக்கும். ஒரு தபால் கார்டில் நாலு வரி எழுதிப் போட்டால் போதும் என்று இருக்கட்டும். அப்புறம், பெயர் வந்தவர்களின் வகுப்பில் சொல்லாமல் போய் ஒரு பீரியட் உட்காருங்கள். பிள்ளைகளின் நோட்டைப் புரட்டுங்கள், அவர்களைக் கேள்வி கேட்க விடுங்கள். அறிவியல் ஆசிரியர் என்றால் அறிவியல் தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள். நம் மாவட்டத்தில் அதற்கு ஆள் பஞ்சம் கிடையாது. ரேடியோ தொலைநோக்கி மையம் இருக்கிறது, முத்தோரையிலேயே உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஊட்டியில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, குன்னூரில் 1907-லிருந்து பாஸ்டர் நிலையம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள் கேட்டால் அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

முடிந்தால் பரிசோடு அந்தப் பள்ளிக்கும் ஏதாவது கொடுங்கள். ஒரு டஜன் தர்மாமீட்டர் என்றால்கூடப் போதும். ஒன்றை வைத்துக்கொண்டு நாற்பது பேர் வரிசையில் நின்றிருக்கிறோம்.

டீச்சருக்கு இப்போது விருது வாங்கித் தர வேண்டும் என்று இதை எழுதவில்லை. அவர் இருந்த இடத்துக்கு இப்போது ஓர் இளம் ஆசிரியர் வந்திருக்கிறார். போன மாதம் அந்த வழியாகப் போனபோது பள்ளிச் சுவரை ஒட்டிப் பார்த்தேன். பாட்டில் புதிது, ஸ்கேல் பழையது. மழை நோட்டு இன்னும் தொடர்கிறது. அவரும் என் கடைக்கு எந்தக் கோப்பும் கொண்டுவரவில்லை.

ஒரு நாள் காலை 9 மணிக்குப் போய்ப் பாருங்கள். அளக்கும் நேரம் அது.

இப்படிக்கு,
அந்தப் பள்ளியின் பழைய மாணவி
ஊட்டி