பந்து கொடுப்பவர் யார் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலவர நாடுகளில் வேலை பார்க்கும் அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் தூதரக அதிகாரிகளுக்கும் கைகொடுக்கும் 'ஸ்பிரிட் ஆஃப் அமெரிக்கா' என்ற தொண்டு நிறுவனம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். 2008-இல் காங்கோ நாட்டின் கோமா நகரில், ஐ.நா. அமைதிப்படைக்காக நம் ராணுவம் நடத்திய மருத்துவமனையில் இருந்தேன். அதனால் கட்டுரையின் முதல் பாதிக்குத் தலையாட்டினேன். பின்பாதிதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

ஆப்கன் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் தன் ஊரிலிருந்து விளையாட்டுச் சாமான்களை வரவழைத்த ஒரு சார்ஜன்ட்டைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் ஜிம் ஹேக் என்ற அமெரிக்கர் 2003-இல் இந்த நிறுவனத்தை ஆரம்பித்தார். அரசாங்கப் பணம் வாங்குவதில்லை. எதை அனுப்புவது என்று அமெரிக்காவில் உட்கார்ந்து முடிவு செய்வதும் இல்லை. களத்தில் நிற்பவன் கேட்பதுதான் பட்டியல். இந்த ஒரு விஷயத்தின் அருமை, அங்கே நின்றவனுக்குத்தான் தெரியும்.

கோமாவில் 2002-இல் எரிமலைக் குழம்பு ஊருக்குள்ளேயே ஓடி வந்தது. அது இறுகிய கருங்கல்தான் தெரு, முற்றம், மைதானம் எல்லாம். பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டி, வாழை நாரால் இறுக்கிக் கட்டிய பந்தைத்தான் பிள்ளைகள் உதைப்பார்கள். நம் ஊர்த் துணிப்பந்துக்குத் தம்பி! ஒருநாள் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்ட ஒரு பையன், எழுந்து போகாமல் இரண்டு கையாலும் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினான். எங்களுக்குப் புரிந்தது. ஆளுக்கு இரண்டு டாலர் போட்டு மார்க்கெட்டில் எட்டுப் பந்து வாங்கினோம். அந்தக் கல்லில் பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை, எட்டும் கிழிந்துவிட்டன. தடித்த ரப்பர் பந்து வேண்டும், கூடவே பம்ப்பும் ஊசியும் வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. டெல்லியிலோ நியூயார்க்கிலோ இருந்து எவரும் இதை எழுதிக் கொடுக்க முடியாது.

இனி, சிக்கிய பாதி. இதை 'அரசியல் கலக்காத மனிதநேயப் பணி' என்கிறார் கட்டுரையாளர். அந்த நிறுவனமே அப்படிச் சொல்லிக்கொள்வதில்லையே! நாங்கள் நடுநிலை இல்லை, எங்கள் சிப்பாய்களின் பக்கம் நிற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்பவர்கள் அவர்கள். இராக்கின் அன்பார் மாகாணத்தில் உள்ளூர் டி.வி. நிலையங்களுக்குக் கருவிகள் கொடுத்ததும், 2014-க்குப் பிறகு உக்ரைனுக்கு உதவியதும் அந்தக் கணக்கில்தான். அவர்களது நேர்மையை நான் மதிக்கிறேன். பூசி மெழுகியது கட்டுரைதான்.

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை. 2004 ஜூனில் ஆப்கானிஸ்தானின் பாத்கீஸ் மாகாணத்தில் எந்தப் பக்கமும் சேராமல் சிகிச்சை தரும் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பைச் சேர்ந்த ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே, 24 ஆண்டுகள் வேலை செய்த அந்த நாட்டைவிட்டு வெளியேறுவதாக அமைப்பு அறிவித்தது. உதவி தொடர வேண்டுமானால் தாலிபான் பற்றித் துப்புக் கொடுங்கள் என்று அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை துண்டுப் பிரசுரம் போட்டதை அந்த அமைப்பு ஏற்கெனவே கண்டித்திருந்தது. சீருடைக்காரன் கையிலும் அரிசி மூட்டை, டாக்டர் கையிலும் அரிசி மூட்டை என்றால், துப்பாக்கி வைத்திருப்பவன் இருவரையும் ஒன்றாகத்தான் பார்ப்பான்.

பந்து கொடுத்தால் ஊர் நம் பக்கம் வந்துவிடும் என்பதும் அவ்வளவு சுலபமில்லை. 2008 அக்டோபரில் கலகப் படை கோமாவை நெருங்கியபோது, தங்களைக் காப்பாற்றவில்லை என்ற ஆத்திரத்தில் ஜனங்கள் ஐ.நா. வளாகத்தின் மேல் கல்லெறிந்தார்கள். எங்கள் பந்தை உதைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வீடு வாசலை விட்டுவிட்டுப் பாயும் பானையுமாக ஓடி வருகிறவனிடம் போன மாதம் கொடுத்த பந்துக்கு நன்றி கேட்க முடியுமா?

'இந்தியாவில் இப்படி ஒன்று உண்டா' என்று கட்டுரை கேட்டிருந்தது. உண்டு, வேறு வடிவில். அகமதாபாத்தின் 'சேவா' என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, நம் வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில், 2008 வாக்கில் காபூலில் போர் விதவைகளுக்குத் தையலும் உணவுப் பதப்படுத்தலும் கற்றுத் தந்தது. அதே ஆண்டு ஜூலை 7-ஆம் தேதிதான் காபூலில் நம் தூதரக வாசலில் குண்டு வெடித்தது. தூதரக அதிகாரி வெங்கடேஸ்வர ராவ், பிரிகேடியர் ரவி தத் மேத்தா, காவலுக்கு நின்ற நம் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை வீரர்கள் இருவர், இவர்களோடு விசாவுக்கு வந்தவர்களும் தெருவில் போனவர்களுமாக ஏராளமான ஆப்கானியர்கள் இறந்தார்கள். அந்த ஊரில்தான் அகமதாபாத் பெண்கள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்தினார்கள். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை, பக்கத்தில் சீருடையும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்களேன். எழுதுகிறவர், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பில் வேலை பார்த்த ஒருவரிடமும் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார் ஒருவர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்