புருவம் தெரியாத செய்தி

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. புயல் செய்தி என்றால் அம்மா நாற்காலியை இழுத்து டிவிக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொள்வார். மூலையில் நீங்கள் வைத்திருக்கும் சைகை மொழிபெயர்ப்பாளர் அங்கிருந்து பார்த்தால்தான் தெரிவார்.

ஒரு மழைக்காலத்தில், "புயல் கரையைக் கடந்துவிட்டதா?" என்று செய்தி வாசிப்பவர் நிருபரிடம் கேட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பாளரும் அதைச் சரியாகவே சொல்லியிருப்பார். அம்மாவுக்குப் புரிந்ததோ "கடந்துவிட்டது" என்று. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிட்டார். தெருமுனையில் முறிந்து கிடந்த மரத்தைப் பார்த்துத்தான் திரும்பினார்.

தப்பு எங்கே? கை சொன்னது அம்மாவுக்குத் தெரிந்தது, முகம் சொன்னது தெரியவில்லை. நாம் 'கடந்துவிட்டதா' என்று கடைசியில் ஒட்டும் அந்த 'ஆ' இருக்கிறதே, இந்திய சைகை மொழியில் அந்த வேலையைச் செய்வது புருவம். புருவம் ஏறி, தலை கொஞ்சம் முன்னே வந்தால் அது கேள்வி. தூறலா அடைமழையா என்பதைக்கூட முகமும் கையின் வேகமும் சேர்ந்துதான் சொல்லும். பொட்டளவு முகத்தில் புருவத்தை எங்கே தேடுவது? போதாக்குறைக்கு, இடுப்புக்கு மேல் ஓடும் 'பிரேக்கிங்' பட்டை அவ்வப்போது கைகளையும் விழுங்கிவிடுகிறது.

எழுத்துதான் ஓடுகிறதே என்பீர்கள். சைகை செய்தால் அடி விழும், உதட்டைப் பார்த்தே படிக்க வேண்டும் என்றிருந்த பள்ளியில் படித்தவர் அம்மா. 1880-இல் இத்தாலியின் மிலானில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு வகுப்பறைகளிலிருந்து சைகையை விலக்கச் சொன்னதன் நிழல் அவ்வளவு தூரம் நீண்டிருந்தது. எழுத்துத் தமிழ் அவருக்கு இரண்டாம் மொழி. ஓடுகிற வேகத்தில் கையில் சிக்காது.

மின்னணு ஊடகங்களில் சைகை மொழிபெயர்ப்பு கிடைக்க வழிசெய்யச் சொல்கிறது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். அதற்காக வைத்த கட்டம்தான் இது போலும். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்களுக்கு அகராதி வெளியிட்டது. அத்தனையும் ஒரு தீப்பெட்டிக்குள் நடந்தாக வேண்டுமா?

குறைந்தது பேரிடர் நாட்களிலாவது திரையில் கால்வாசியை மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுங்கள். பட்டைகள் அவர் மேல் ஏற வேண்டாம். பின்னணி ஒரே நிறமாக இருக்கட்டும். விளக்கு முகத்தில் விழட்டும். செய்து முடித்ததும் சத்தத்தை அணைத்துவிட்டு, சோபாவில் சாய்ந்தபடி உங்கள் செய்தியை நீங்களே ஒருமுறை பாருங்கள்.

அக்டோபரில் மழை தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
சைகையில் பேசக் கற்ற ஒரு மகள்